புவியியலாளரும் அறிவியல் வரலாறும்

கேள்வி: புவியியல் பேராசிரியர் ஒருவர் அறிவியல் வரலாற்றாசிரியராகவும் விளங்க முடியுமா?
– வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: முடியும் என்பதற்கு மேத்யூ எட்னி தக்க சான்று. லண்டனில் புவியியல் பயின்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1997இல் வெளியான ‘மேப்பிங் ஆன் எம்பயர்’ என்னும் நூலில் பிரிட்டிஷ் இந்தியாவின் நில அளவைப் பணியை ஆராய்ந்தார். 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியான லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து கோணங்களைக் கொண்டே தொலைவுகளைக் கணிக்கும் முக்கோண அளவையைத் தொடங்கினார். துல்லியமானதாகப் போற்றப்பட்ட அப்பணியும் பணத்தட்டுப்பாட்டுக்கும் ஆட்சியின் தேவைகளுக்கும் வளைந்துகொடுத்தே நடந்தது என்பது எட்னியின் முடிவு. பின்னாளில், வரைபடக்கலை வரலாற்றைப் பல தொகுதிகளாக வெளியிடும் விஸ்கான்சின் திட்டத்துக்கு அவரே இயக்குநரானார். இத்துறையில் நாட்டமுள்ள மும்பை மாணவர்கள், பழைய பம்பாய் புவியியல் சங்கம் 1873இல் இணைந்த ஆசியச் சங்கத்தின் நூலகத்திலிருந்தே தொடங்கலாம்.