விரலுக்கு ஒரு யானைமலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. போன வாரம் அழகர்கோவில் பஸ்ஸில் வெள்ளைக் கோலோடு ஏறிய அண்ணனைப் பார்த்து, "பாவம்" என்று என் காதில் சொன்னாயே, அந்தச் சொல் இன்னும் எனக்குள் உறுத்துகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை, கண்ணு. உன் வயதில் நானும் அதையேதான் சொன்னேன்.

அந்த பஸ் போகும் மதுரை அழகர்கோவில் ரோட்டில்தான் சுந்தரராஜன்பட்டி இருக்கிறது. எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் அங்கே பள்ளி நடத்துகிறது. ஜின்னாவும் பார்வை இழந்தவர்தான் என்பதைக் கவனி.

பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். நேற்று அதில் 'மதுரை' என்று எழுதிப் பார்த்தேன். நமக்கு மூன்றெழுத்து. பிரெயிலில் ம, த, உ, ர, ஐ என்று ஐந்து கட்டம். ஒரு கட்டத்துக்கு அதிகபட்சம் ஆறு புள்ளி. கெட்டித் தாளில் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போய்த் தாளைத் திருப்பினால், புள்ளிகள் எழும்பி நிற்கும். இடமிருந்து வலமாக வாசிக்கலாம். நான் கண்ணை மூடித் தடவினேன். மணலைத் தொட்டது போல இருந்ததே தவிர, ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அந்த அண்ணனின் விரல் கற்ற கல்வி என் விரலுக்கு இல்லை. லூயி பிரெயில் இந்த முறையை உருவாக்கியது 1824-இல், தன் 15 வயதில்.

எழுத்தைப் போலவே படத்தையும் புள்ளியால் எழுப்பலாம். யானைமலையை எடுத்துக்கொள். ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது, யானை படுத்திருப்பதாக நாம் காட்டுவோம். ஆனால் மலையடியில் நின்று பாறையைத் தடவுகிறவருக்கு அந்த யானை எப்படிக் கிடைக்கும்? மலை கைக்கு அடங்காதே! அதே உருவத்தைப் புள்ளிக் கோடாகத் தாளில் எழுப்பிக் கொடு. முதுகு, தலை, துதிக்கை என்று விரல் ஒவ்வொன்றாகத் தொட்டு மனசுக்குள் சேர்த்துக்கொள்ளும். கண்ணுக்கு முழுசும் முதலில் தெரியும். விரலுக்கு அது கடைசியில்தான் கிட்டும். அதனால் கோடுகள் குறைவாக, தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கினால் எல்லாம் ஒரே சொரசொரப்பாகிவிடும். கண்ணுக்கு வரைவதைவிட இது கடினமான கலை என்பது என் எண்ணம்.

ஓவியத்துக்குக் கண் வேண்டாமா என்று நீ கேட்பாய். வங்கத்தின் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1950-களில் பார்வையை முழுக்க இழந்தார். அதன் பிறகும் காகிதத்தை மடித்தும் வெட்டியும் உருவங்கள் செய்தார். 1972-இல் சாந்திநிகேதனில் பீங்கான் ஓடுகளால் ஒரு சுவரோவியத்தையே முடித்தார். அவரைப் பற்றிச் சத்யஜித் ராய் ஒரு படம் எடுத்திருக்கிறார்.

நீயும் விரலுக்கு ஒரு படம் செய்து பார். மார்கழியில் நீ வைக்கிற புள்ளிக்கோலத்திலிருந்து தொடங்கு. பழைய ரப்பர் விரிப்பின் மேல் கெட்டித் தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்து. திருப்பினால் இடம் வலம் மாறி வரும், மறந்துவிடாதே. முடித்ததும் கண்ணை மூடி நீயே தடவிப் பார். லீவுக்கு வரும்போது எடுத்து வா. பிரெயில் படிக்கிற ஒருவரிடம் கொடுத்து, எங்கே தப்பு என்று கேட்போம்.

உன் அத்தை