நெகிழ்பொதியும் அதனை ஆக்கும் பொறிகளும்

கடையிலிருந்து மீளும் ஒருவரது பையைத் திறந்து நோக்குவோமாயின், அதனுட் கிடக்கும் பண்டங்களினும் அவற்றின் உறைகளே முதலிற் கண்ணிற்படும். பால்மா, விசுக்கோத்து, தேயிலை, மிளகாய்த்தூள், சவர்க்காரம் என அனைத்தும் மெல்லிய தாள்களுள் அடங்கிக் கிடக்கின்றன. பண்டத்தைக் கொண்டு உறையை எறிந்துவிடுகின்றோம். எறியப்படுதற்கென்றே பிறந்த பொருளாதலின் அதனை ஆராய்வாரும் அரியர். தமிழாசிரியனுக்குப் பொறிகளின்பால் யாது வேலை என நகைப்பாரும் உளர். ‘பொதி’, ‘உறை’ என்பன நம் மொழியின் பழஞ்சொற்கள். அவை இன்று சுட்டும் பொருளை அறியாது மாணவர்க்கு அவற்றைக் கற்பித்தல் எங்ஙனம்?

நம் முன்னோர் பொதியுந் தொழிலை அறியாதவரல்லர். பனங்கட்டியை ஓலைக் குட்டானில் வைத்தனர். மீனை உமலில் இட்டுக் கொணர்ந்தனர். சோற்றை வாழையிலையிற் கட்டினர். கடைக்காரர் பழைய கடதாசியைக் கூம்பாகச் சுருட்டிச் சரையாக்கிச் சீனியும் மல்லியும் நிறுத்துக் கொடுத்தனர். இவை யாவும் வளைந்துகொடுப்பன. ஆதலின் நெகிழ்பொதி என்னும் பெயர்க்கு உரியனவே. ஆயின் ஈரத்தையும் வளியையும் தடுக்கும் ஆற்றல் இவற்றிற்கு இல்லை. மாரிகாலத்திற் சரையிலிருந்த சீனி கசிந்தமையை முதியோர் அறிவர்.

அக்குறையை நீக்குதற்கு எழுந்த முயற்சிகளுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது செலோபேன். சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் சாக் பிராண்டன்பேகர் என்பார், 1908 ஆம் ஆண்டில், மரக்கூழிற் பெறும் செலுலோசைக் கொண்டு இவ்வொளிபுகு தாளை ஆக்கினார். அகத்திருப்பதைப் புறத்தே காட்டிய அத்தாள் வணிகரைக் கவர்ந்தது. ஆயினும் நீராவியை அது தடுத்திலது. 1927 இல் அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தைச் சார்ந்த வில்லியம் ஹேல் சாச் என்பவர் அதன்மேல் நுண்ணிய பூச்சொன்றை ஏற்றி ஈரத்தைத் தடுத்தார். தாள் ஒன்று, தடுப்பு மற்றொன்று என இரண்டையும் பிரித்து நோக்கியமையே அவரது வெற்றி.

பொலித்தீன் பிறந்த கதை இதனினும் வியப்புடைத்து. 1933 மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்திலே, ஐ.சி.ஐ. நிறுவனத்தின் வின்னிங்ரன் ஆய்வுகூடத்தில் எறிக் போசெற், றெஜினால்ட் கிப்சன் என்னும் இருவர், எதிலீன் வாயுவை ஆயிரத்துக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்திற்கு உட்படுத்தி வேறொரு விளைவை நாடினர். கலத்தைத் திறந்தபோது மெழுகுபோன்ற வெண்பொருள் சிறிது படிந்திருக்கக் கண்டனர். நாடியது கிட்டவில்லை, கிட்டியதோ பொலித்தீன். 1939 இல் ஆலை உற்பத்தி தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் அது றேடார் கருவிகளின் மின்வடங்கட்குக் காப்பாயமைந்தது. போர் ஓய்ந்த பின்னரே பைகளாகி மனைதோறும் புகுந்தது.

இனி, தாள் ஆக்கும் பொறியை நோக்குவோம். பொலித்தீன் மணிகளை வாயகன்ற தொட்டியொன்றிற் சொரிகின்றனர். அவை கீழிறங்கிச் சூடேற்றிய உருளைக்குழலை அடைகின்றன; அதனுட் சுழலும் நீண்ட திருகாணி, இறைச்சி அரைக்கும் பொறியிற்போல, அவற்றை உந்திச் செல்கின்றது. உருகிய குழம்பு குழலின் முனையிலுள்ள வளைய வடிவான துவாரத்தால் வெளிப்படும்போது நடுவே காற்று ஊதப்படுகின்றது. சிறுவர் ஊதும் சவர்க்காரக் குமிழிபோல் உப்பிய குழாய் உயர எழுந்து, புறத்தே வீசுங் காற்றாற் குளிர்ந்து, மேலேயுள்ள இரு உருளைகளிடை நசுங்கித் தட்டையாகிச் சுருளிற் சுற்றப்படுகின்றது. அகத்தடைத்த காற்றின் அளவும் மேலிழுக்கும் விரைவும் தாளின் தடிப்பைத் தீர்மானிக்கின்றன. தடிப்பை அளக்கும் அலகு மைக்குறோன்; மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அது.

விசுக்கோத்து உறை கையிற் பட்டதும் சலசலத்தல் யாதினால்? அது பொலித்தீன் அன்று, பொலிபுரோப்பிலீன். அத்தாளை நெடுக்கிலும் குறுக்கிலும் இழுத்து விரித்தலால் அதன் மூலக்கூறுகள் ஒழுங்குற நின்று, பளபளப்பும் விறைப்பும் பெறுகின்றன.

ஒரே தாள் எல்லாப் பணியையும் ஆற்றவல்லதன்று. ஆகையாற் பல தாள்களை ஒட்டி ஒன்றாக்குகின்றனர். உணவுத்தூள் அடைக்கும் உறையொன்றைக் கொள்க. வெளியே பொலியெஸ்ரர், நடுவே அலுமினியத் தகடு, உள்ளே பொலித்தீன் என அமைவது பெருவழக்கு. பொலியெஸ்ரர் வலிமையும் அச்சேற்றத்தக்க பரப்பும் தருவது. ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை உருகாதது. அலுமினியம் ஒளி, ஈரம், ஒட்சிசன் மூன்றையும் தடுப்பது. பொலித்தீனோ 110 பாகை அளவிலேயே இளகி ஒட்டிக்கொள்வது. சூடான தாடைகள் உறையை வெளியிலிருந்து கவ்வும்போது புறத்தாள் சிதையாதிருக்க அகத்தாள் மட்டும் உருகி மூடிக்கொள்ளும் நுட்பம் இங்குத்தான் உளது. இவ்வொழுங்கை மாற்றி வைத்தாற் பொதி மூடாது. தாடையிற் பசைபோல் ஒட்டிக்கொள்ளும்.

அலுமினியத் தகட்டின் விலை மிகுதியாதலின், வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கித் தாளின்மேற் படியச் செய்யும் முறையும் உண்டு. அப்படிவின் தடிப்பு ஒரு மைக்குறோனின் நூறிற் சில பங்கே. பொரித்த உருளைக்கிழங்குச் சீவல் அடைக்கும் பைகளின் உட்புற வெள்ளி நிறம் இதுவே.

அச்சிடுதலைச் சுருங்கக் கூறுவேன். குழியச்சிலே செப்புப்பூச்சுடைய உருளையிற் செதுக்கிய நுண்குழிகள் மையை ஏந்துகின்றன. மிகுந்த மையை மெல்லிய அலகொன்று வழித்துவிடுகின்றது. நெகிழச்சிலே எழும்பிய உருவங்களையுடைய மென்றகடு மையைப் பதிக்கின்றது. நிறமொன்றுக்கு உருளையொன்று. ஒட்டுத்தாள்களில் எழுத்துகளை இடம்வலம் மாற்றி வெளித்தாளின் உட்புறத்திற் பதித்துப் பின் ஒட்டுவர். கையின் உரசலால் மை அழியாமை இதனாலேயே.

சுருளாக வந்த தாளைப் பையாக்குதல், பண்டம் நிரப்புதல், மூடுதல் என்னும் மூன்றையும் ஒருங்கே இயற்றும் பொறி இத்தொழிலின் மணிமுடி என்பேன். சுருளினின்று இறங்கும் தாள், சட்டையின் கழுத்துப்பட்டை போன்ற தோளொன்றின்மேல் ஏறி, நிலைக்குத்தான குழாயைச் சுற்றிக்கொள்கின்றது. அதன் இரு விளிம்புகளும் நெடுக்காக ஒட்டப்படுகின்றன. கீழே குறுக்குத் தாடைகள் ஒருமுறை கவ்வும்பொழுது, நிரம்பிய பையின் வாயும் அடுத்த பையின் அடியும் ஒரே காலத்தில் மூடப்பட, இடையிலுள்ள கத்தி இரண்டையும் பிரிக்கின்றது. குழாயின் வழியே நிறுத்த பண்டம் விழுகின்றது. விளிம்பில் அச்சிட்ட சிறு கறுப்புக் கட்டத்தை ஒளிமின்கலம் கண்டறிந்து, பெயரின் நடுவே கத்தி விழாதபடி காக்கின்றது. தூளாயின் திருகாணியாலும், நீர்மமாயிற் பம்பியாலும் அளந்து நிரப்புவர். தூள் நிரப்புவதிலே இடர் ஒன்றுண்டு. பறந்த தூள் மூடுமிடத்திற் படியுமாயின் ஒட்டு முழுமையுறாது. கண்ணுக்குப் புலனாகாத அத்துளையால் ஈரம் புகுந்து பண்டம் கட்டியாகிவிடும்.

துண்டுகளாயுள்ள பண்டத்தை நிறுத்தல் முன்னர் அரிதாயிருந்தது. 1972 இல் யப்பானின் இசிதா நிறுவனம், பருமன் வேறுபடும் குடமிளகாயைப் பைகளில் நிறுத்தடைத்தற்பொருட்டுப் பலதலைத் தராசை ஆக்கிற்று. பத்துக் கிண்ணங்களிற் சிறிது சிறிதாகப் பண்டம் விழும். எக்கிண்ணங்களைச் சேர்த்தால் வேண்டிய நிறைக்கு மிக அண்மையில் வரும் எனக் கருவி கணித்து அவற்றை மட்டும் திறக்கும். பத்துக் கிண்ணங்களை 1023 வகையாகச் சேர்க்கலாம் என்பதைக் கணித மாணவர் தாமே நிறுவுக.

உருவத்தால் தலையணைப்பை, மடிப்புப்பை, மும்மருங்கு ஒட்டிய பை எனப் பல உள. அடிவிரிந்து தானே நிற்கும் பையை 1963 இற் பிரான்சில் லூயி துவாயென் என்பவர் ஆக்கினார். நம் நாட்டுத் தேயிலையோடு இயைபுடைய செய்தியொன்றும் உண்டு: இரட்டை அறையுடைய தேயிலைப்பையைக் கட்டும் ‘கொன்ஸ்ரன்ரா’ பொறியை 1949 இல் ஜேர்மனியின் அடோல்ப் றாம்போல்ட் இயற்றினார்.

ஷாம்புச் சிறுபையின் வரலாறு தமிழகத்துக் கடலூரைச் சார்ந்தது. பெரும்போத்தல் வாங்க இயலாதோர்க்கும் ஒருநாட் பாவனைக்குரிய அளவிற் பண்டம் கிட்டவேண்டும் எனச் சின்னிகிருஷ்ணன் என்பார் எண்ணினார். அவர் மைந்தர் சி.கே. ரங்கநாதன் 1983 இல் தொடங்கிய ‘சிக்’ ஷாம்பு அவ்வழியே பரவிற்று. ஏழையின் கைக்கு எட்டியதென்னும் பெருமை அச்சிறுபைக்கு உண்டு, மறுக்கலாகாது. ஆயின் எறியப்பட்ட அப்பைகள் வாய்க்காலை அடைக்கின்றன. 20 மைக்குறோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனை இலங்கை அரசு 2007 இற் தடைசெய்தது. 2017 இல் உணவு சுற்றுந் தாளும் கடைப்பையும் தடைக்குள்ளாயின. 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் ஒழிந்த பிறவற்றுக்கு, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிறாமுக்கு மேற்படாச் சிறுபைகளும் விலக்கப்பட்டன.

எல்லா உறையையும் ஒரே குற்றத்திற்கு உட்படுத்தல் நேர்மையன்று என்பது என் கருத்து. தனிப்பொலித்தீன் பையை மீள உருக்கிப் பயன்கொள்ளலாம். ஒட்டுத்தாளையோ அங்ஙனம் செய்தல் அரிது. வெவ்வேறு வெப்பநிலையில் உருகுவனவற்றை ஒன்றாக உருக்க முடியாது. பால்மாவைக் காத்த அதே ஒட்டே பின்னர் இடையூறாகின்றது. வளவின் மூலையிற் குப்பையோடு கொளுத்துவோர் நம்மிற் பலர். பீ.வீ.சீ. கலந்திருப்பின் ஐதரோகுளோரிக் அமில ஆவியும் டயொக்சின் என்னும் நஞ்சும் எழுந்து, அவ்வீட்டுக் குழந்தைகளின் மூச்சிற் சென்று சேரும்.

ஆகவே கொளுத்தாமலே உறையை வேறுபடுத்தி அறியும் வழிகளை மாணவர் பயில்க. வெள்ளி நிறப் பையைக் கையிற் கசக்கி விடுக: கசங்கியபடியே கிடப்பின் அலுமினியத் தகடு உள்ளது, மெல்ல விரியுமாயின் ஆவிப்படிவு. சூள்விளக்கின் ஒளியை அதனூடே பாய்ச்சுக: ஆவிப்படிவாயின் ஒளி மங்கலாகத் தோன்றும். ஒளிபுகு தாளாயின் சிறு துண்டொன்றை வெட்டி, நீருள் அமிழ்த்திக் காற்றுக்குமிழிகளை விரலால் நீக்கிவிடுக. பொலித்தீனும் பொலிபுரோப்பிலீனும் நீரினும் இலேசாதலின் மேலெழும்; பொலியெஸ்ரரும் பீ.வீ.சீ.யும் அடியிலேயே கிடக்கும்.