கடைசிப் பள்ளியிலிருந்து கணக்கைத் தொடங்குவோம்



ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் சென்றால் காவலூர் வானாய்வகத்தை அடையலாம். அங்கே 1986 முதல் இயங்கிவரும் வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.3 மீட்டர் விட்டமுடையது. ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. ஆகவே அந்த ஆடியின் பரப்பில் அதனினும் நுண்ணிய மேடுபள்ளம்கூட இருக்கலாகாது.

அதே மலையில் சிற்றூர்ப் பள்ளிகளும் உள்ளன. ஒரு மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் தொலைக்காட்சியையோ கணினியையோ கொண்டு சேர்க்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். மிக நுட்பமான கருவிகளை வாங்கி அனுப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய சோதனை இதற்கு விடை சொல்லும்.

கோழிவலையில் விழுந்த பாடம்

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 'சைட்' என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையை நடத்தியது. ஆறு மாநிலங்களில் 2,400 ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள், 36,000 கி.மீ. உயரத்திலிருந்து நிகழ்ச்சிகளை நேரே அந்த ஊர்களுக்கு அனுப்பியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்கும் நிகழ்ச்சிகள் வந்தன.

ஊர்களில் வைத்த கிண்ண வடிவ ஆன்டெனா எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூண்டு அடைக்கும் கம்பிவலையால்! செயற்கைக்கோள் அனுப்பிய அலையின் அதிர்வெண் 860 மெகாஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை இதனால் வகுத்தால் அலைநீளம் சுமார் 35 செ.மீ. எனக் கிடைக்கும். வலையின் துளை இதைவிட மிகச் சிறியது. ஆகவே அந்த அலைக்குக் கம்பிவலை ஓர் உலோகத் தகடு போலவே தோன்றும். விலையும் குறைவு, காற்றும் ஊடே புகுந்து போய்விடும். காவலூருக்கு ஏற்ற ஆடி வேறு, சிற்றூருக்கு ஏற்ற வலை வேறு. வேலைக்குத் தக்க கருவியைத் தேர்வதே திட்டமிடலின் முதற்படி.

கருவி மட்டும் போதுமா?

போதாது. நிகழ்ச்சிகள் இந்தி, கன்னடம், தெலுங்கு, ஒடியா மொழிகளில் தயாராயின. ஏறத்தாழ 48,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி தரப்பட்டது. பழுது பார்க்க ஆட்களும் உதிரிப் பாகங்களும் ஆங்காங்கே நிறுத்தப்பட்டனர்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். ஊர்களைத் தேர்ந்தபோது மின்வசதி உண்டா, பழுது பார்ப்பவர் சென்றுவரச் சாலை உண்டா என்று பார்த்தார்கள். ஓராண்டுச் சோதனைக்கு அது நியாயமே. ஆனால் எல்லாப் பள்ளிக்குமான திட்டத்தில் அதே விதியை வைத்தால், முதலில் விடுபடுவது எது? மலையின் கடைக்கோடிப் பள்ளிதான் அல்லவா?

மலைமேல் ஒரு கணக்கு

இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் அமைந்துவருகின்றன. மின்மாற்றியிலிருந்து ஒரு கி.மீ. தள்ளி ஒரு பள்ளி இருப்பதாகக் கொள்வோம். அங்கே 20 கணினிகள். ஒவ்வொன்றும் 100 வாட். மொத்தம் 2,000 வாட். 230 வோல்ட்டில் மின்னோட்டம் சுமார் 9 ஆம்பியர். மின்சாரம் போகவும் வரவும் இரண்டு கி.மீ. கம்பி வேண்டும், அதன் தடை 3 ஓம் என்க. ஓம் விதிப்படி கம்பியிலேயே 27 வோல்ட் இழப்பாகிறது; பள்ளிக்குக் கிடைப்பது 203 வோல்ட். அதே கம்பியில் நீர் இறைக்கும் மோட்டாரும் ஓடினால் இன்னும் இறங்கும். யூ.பி.எஸ். அடிக்கடி மின்கலத்துக்கு மாறும். மின்கலம் விரைவில் தேய்ந்துபோகும். மின்மாற்றியின் அருகிலுள்ள பள்ளியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அதே கருவி இங்கே முடங்கும். பழி கருவியின் மேல் விழும். குறையோ கணக்கில் இருக்கிறது!

இணையமும் இப்படித்தான். ஒரு காணொளிக்கு நொடிக்கு 1 மெகாபிட் வேண்டுமானால், 20 மாணவர் தனித்தனியே பார்க்க 20 மெகாபிட் வேண்டும். இணைப்பு 4 மெகாபிட்தானா? பாடத்தை முன்னதாகவே பள்ளிக் கணினியில் இறக்கி வைத்துவிடலாம். அல்லது ஒரே திரையில் எல்லோரும் பார்க்கலாம்.

மாவட்டம் முழுவதற்கும் சராசரி போட்டால் இந்தக் குறைகள் கண்ணுக்குத் தெரியா. கடைசிப் பள்ளிக்குப் பொருந்தும் ஏற்பாடு மற்றப் பள்ளிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். முதல் பள்ளிக்குப் பொருந்துவது கடைசிப் பள்ளிக்குப் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை.

நீங்களே கணக்கெடுங்கள்

உங்கள் பள்ளியில் உள்ள கருவிகளைப் பட்டியலிடுங்கள். எத்தனை வேலை செய்கின்றன? ஒவ்வொன்றும் எத்தனை வாட்? ஒரு வாரம் எப்போதெல்லாம் மின்சாரம் நின்றது? பழுதான கருவி எத்தனை நாளில் சரியாயிற்று? மின்னழுத்தத்தை ஆசிரியரே அளக்கட்டும். மின்கம்பிகளை நீங்கள் தொடாதீர்கள். கிடைத்த விவரங்களை அட்டவணையாக்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள்.

உங்கள் பள்ளியே மலையின் கடைசிப் பள்ளியானால், அந்த அட்டவணைதான் மாவட்டத் திட்டத்தின் முதல் பக்கமாக இருக்கவேண்டும்.