பிரவுசர்: கரிசல் காட்டில் உலவும் சில நம்பிக்கைகள்

புரட்டாசி மழைக்கு மண் நனைந்து, உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்து முடித்த கையோடு கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பிரவுசிங் சென்டர்களிலும் இ-சேவை மையங்களிலும் கூட்டம் சேர்ந்துவிடும். அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றின் நகலும் பையில் இருக்கும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்குகிறதே என்ற பதற்றம் முகத்தில் இருக்கும். வரிசையில் நிற்கிற பலரின் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது, அதற்குள் பிரவுசரும் இருக்கிறது. இருந்தும் சொந்த நிலத்தின் பட்டாவைப் பார்ப்பதற்குக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறோம். பிரவுசரைப் பற்றி நமக்குள் ஊறிப்போன சில தப்பான நம்பிக்கைகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“பிரவுசர்னா கூகுள்தானே?”

கூகுள் நிறுவனம் தொடங்கியது 1998-ல். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால், 1990-லேயே, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முதல் பிரவுசரை எழுதிவிட்டார். இணையப் பக்கங்களைத் திறந்து காட்டுகிற செயலிதான் பிரவுசர். குரோம், ஃபயர்பாக்ஸ், சாம்சங் இன்டர்நெட் எல்லாம் அந்த வகை. கூகுள் தேடல் என்பது பிரவுசர் வழியாக நாம் போகிற ஒரு தளம். 2008-ல் அதே நிறுவனம் குரோம் என்ற பிரவுசரையும் வெளியிட்டதால் இரண்டும் ஒன்றாகக் குழம்பிப்போயின.

பெயர்க் குழப்பம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. “பட்டா சிட்டா” என்று தேடினால் வருவது ஒரு பட்டியல். அதில் அரசுத் தளமும் இருக்கும், பட்டா எடுத்துத் தருகிறோம் என்று காசு கேட்கிற தனியார் பக்கங்களும் இருக்கும், பணம் கொடுத்து மேலே வந்த விளம்பரங்களும் இருக்கும். முதலில் நிற்பதெல்லாம் அரசாங்கத்துடையது என்று நம்பித் தொடுகிறோம். பிரவுசரின் மேல்பக்கத்தில் (சில போன்களில் அடியில்) ஒரு நீளமான கட்டம் இருக்கிறதே, அதில் தளத்தின் முகவரியை முழுதாக அடித்தால் தேடல் பட்டியல் குறுக்கே வராமல் நேராக அந்தத் தளத்துக்கே போகலாம். தமிழக நிலப் பதிவேட்டுத் தளத்தின் முகவரி, இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன். மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ, புல எண்ணையும் உட்பிரிவையுமோ கொடுத்தால் பட்டா திரைக்கு வரும். அதைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. ஒருமுறை சரியாகப் போய்ச் சேர்ந்ததும் நட்சத்திரக் குறியைத் தொட்டு அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டால், அடுத்த முறை அடிக்கவும் வேண்டாம், தேடவும் வேண்டாம்.

“பக்கம் அசலா தெரியுது, தேசியக் கொடியெல்லாம் போட்டிருக்கான். அப்புறமென்ன?”

கொடியையும் அசோகச் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுத்து ஒட்டலாம். ஒட்ட முடியாதது முகவரி. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பதானால் முகவரியைப் படிக்கும் முறையை வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தைப் பிரிக்கிற தபால்காரர் கடைசி வரியில் உள்ள ஊரையும் பின்கோடையும்தான் முதலில் பார்ப்பார். இணைய முகவரியையும் அப்படியே கடைசியிலிருந்து பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் வரும் எச்டிடிபிஎஸ் என்ற பகுதியையும் அதை ஒட்டிய இரட்டைச் சாய்கோட்டையும் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற முதல் சாய்கோடு வரை உள்ளதுதான் தளத்தின் பெயர். சாய்கோடு இல்லையென்றால் முழுவதுமே பெயர்தான். அந்தப் பெயர் எதில் முடிகிறது? பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்று முடிந்தால் அது ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டத்தின் அரசுத் தளம். பிஎம்கிசான் டாட் ஜிஓவி டாட் இன் என்று தொடங்கி, அதன்பின் இன்னொரு டாட் போட்டு வேறேதோ ஒரு சொல், டாட் காம் என்று நீண்டால், அந்தத் தளம் கடைசியில் நிற்கிற டாட் காம் பெயருக்குச் சொந்தக்காரருடையது. முன்னால் உள்ள ஜிஓவி வெறும் அலங்காரம். ஜிஓவிக்கும் இன்னுக்கும் நடுவே புள்ளிக்குப் பதிலாகச் சிறு கோடு இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. ஜிஓவி டாட் இன் என்று முடியும் பெயரை அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தருகிறார்கள்.

ரயில் டிக்கெட் எடுக்கும் ஐஆர்சிடிசி, கோ டாட் இன் என்று முடிவது. ஆகவே ஜிஓவி இல்லாததெல்லாம் போலி என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அப்படிப்பட்ட முகவரிகளைத் தெரிந்தவரிடம் கேட்டு ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. போனில் பக்கத்தை மேலே தள்ளிப் படிக்கும்போது முகவரி மறைந்துவிடும். விரலால் கொஞ்சம் கீழ்நோக்கி இழுத்தால் திரும்ப வரும். ஆதார் எண்ணோ ஓடிபியோ அடிக்கும் முன் இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

“பூட்டுப் படம் இருந்தா நம்பலாம்”

நம் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டும்தான் பூட்டுக்கு அர்த்தம். எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவர் நல்லவரா என்பதற்குப் பூட்டு பொறுப்பில்லை. அதற்கான சான்றிதழ் 2015 முதல் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடிக்காரனும் வாங்கிக்கொள்கிறான். மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறு குறியை வைத்தது.

“எதையாவது தொட்டா பணம் போயிரும், எனக்கு வேண்டாம் தாயி”

கிராமத்துப் பெரியவர்கள் பலரை, குறிப்பாகப் பெண்களை, போனுக்குப் பக்கத்திலேயே விடாமல் தடுப்பது இந்தப் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை, பணத்தை இழந்தவர் கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆனால் பணம் எந்த இடத்தில் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வப்போது புதுப்பித்து வைத்திருக்கும் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து படிப்பதால் மட்டும் பொதுவாகப் பணம் போவதில்லை. ஓடிபியைக் கொடுக்கும்போது, ஏடிஎம் கார்டு எண்ணை அடிக்கும்போது, வாட்ஸ்அப் குழுவில் “பிஎம் கிசான்” என்ற பெயரில் வரும் ஏபிகே என்ற செயலிக் கோப்பை நிறுவும்போது போகிறது. அந்தக் கோப்பு தீங்கானதாக இருக்கலாம் என்று போனே எச்சரிக்கும். நாம் அவசரத்தில் “சரி” அழுத்திவிடுகிறோம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணைய மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் முடக்க வாய்ப்பு இருக்கிறது.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. ஏதோ ஒரு பக்கம் “அறிவிப்புகளை அனுமதிக்கவா?” என்று கேட்கிறது, நாம் அனுமதித்துவிடுகிறோம். மறுநாள் முதல் “உங்கள் போனில் வைரஸ்” என்று மணிக்கொரு தரம் செய்தி வருகிறது. போன் கெட்டுவிட்டது என்று கடையில் கொடுத்துக் காசு அழுபவர்கள் உண்டு. வருவது பெரும்பாலும் வெறும் விளம்பரம். குரோமின் மூன்று புள்ளிகளைத் தொட்டு, அமைப்புகளில் அறிவிப்புகள் என்ற இடத்துக்குப் போய், அந்தத் தளத்துக்குக் கொடுத்த அனுமதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

“இங்கிலீஷ் தெரியணுமே”

தெரிய வேண்டியதில்லை. நிலப் பதிவேட்டுத் தளம் தமிழிலேயே இருக்கிறது. விசைப்பலகையில் உள்ள மைக்கைத் தொட்டு, மொழியைத் தமிழாக்கிக்கொண்டு பேசினால் எழுத்து விழும். நம் கரிசல் வழக்கில் பேசினால் சில சொற்கள் பிசகும். நிறுத்திச் சொன்னால் பிடித்துக்கொள்கிறது. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த கே 8, கே 12 சோள ரகங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கங்களும் தமிழில் உண்டு.

“மூடிட்டேன், அப்புறம் யாரு பார்க்கப் போறா?”

பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலையோ வங்கிக் கணக்கையோ திறந்துவிட்டு, மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்தி எழுந்து வந்தால் கணக்கு மூடப்பட்டதாக ஆகாது. நீங்கள் உள்ளே வந்ததைத் தளம் ஒரு சிறு குறிப்பாகப் பிரவுசரிலேயே எழுதி வைத்திருக்கும். அடுத்து உட்காருபவர் அதே பக்கத்தைத் திறந்தால் உங்கள் கணக்கு அப்படியே திறக்கலாம். “வெளியேறு” என்பதைத் தேடி அழுத்த வேண்டும். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்டால் “வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்தால் எல்லாச் சாளரத்தையும் மூடியதும் அந்தக் குறிப்புகள் அழிந்துவிடும். ஆனால் அது தளங்களின் கண்ணிலிருந்தும் இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்தும் நம்மை மறைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மறைநிலையில் இருந்தவர்களைப் பற்றிச் சேர்த்த தகவல்களை அழிப்பதாக 2024-ல் கூகுளே அமெரிக்க வழக்கொன்றில் ஒப்புக்கொண்டது.

“காப்பீட்டு ரசீது கையில இருக்கு, இனி என்ன பார்க்கணும்?”

ரசீது கையில் இருப்பது நல்லது. அதில் உள்ள எண்ணைக் கொண்டு பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் பிஎம்எஃப்பிஒய் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்ப்பது அதைவிட நல்லது. இந்தக் காப்பீட்டில் விளைச்சல் இழப்பைப் பொதுவாக ஒவ்வொருவர் நிலத்திலும் போய் அளப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அதனால் கிராமத்தின் பெயரோ பயிரின் பெயரோ தப்பாகப் பதிவானால் உங்கள் உளுந்து காய்ந்து கருகியிருந்தாலும் இழப்பீட்டில் சிக்கல் வரும். கூட்ட நெரிசலில் அவசரமாக அடிக்கிறவர் பக்கத்துக் கிராமத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவது நடக்கக்கூடியதே. ரசீதை அடங்கலோடு ஒப்பிட்டு, கிராமம், புல எண், பரப்பு, பயிர், வங்கிக் கணக்கு எண் ஐந்தும் சரிதானா என்று கடைசித் தேதிக்கு முன்னால் பாருங்கள். பிழை தெரிந்தால் பதிந்த இடத்துக்கே போய்த் திருத்தச் சொல்லுங்கள், காப்பீட்டு உதவி எண் 14447-லும் சொல்லி வையுங்கள்.