பெரிய சிறுநீரகக் கல்லா? துளைவழி அறுவைக்குத் தயாராவது எப்படி

சிறுநீரகக் கல் 2 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டாலோ, மான்கொம்பு போலக் கிளைத்து உள்ளறைகளை அடைத்துக்கொண்டாலோ, வாழைத்தண்டுச் சாற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இந்த அளவுக் கல்லுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் பரிந்துரைப்பது ‘பி.சி.என்.எல்.’ எனும் துளைவழி அறுவையைத்தான். 1976-இல் ஸ்வீடனில் தொடங்கிய முறை இது. விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் சுமார் 1 சென்டிமீட்டர் துளை போதும்.

1. சி.டி. ஸ்கேன்: கல்லின் அளவும் கடினமும் மட்டுமல்ல, ஊசி போகும் பாதையில் குடலோ நுரையீரலோ குறுக்கிடுமா என்பதும் இதில் தெரியும்.

2. சிறுநீர் கல்ச்சர்: கிருமித்தொற்று இருக்கும்போது கல்லை உடைத்தால், கிருமி ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தொற்று இருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை. அறுவைக்கு முன் காய்ச்சல் அடித்தால் மறைக்காதீர்கள்.

3. மாத்திரைப் பட்டியல்: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எதை, எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் யூராலஜிஸ்ட்டும் கலந்து முடிவு செய்யட்டும்.

4. அறுவை நாள்: வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். மயக்கம் கொடுத்தபின், பெரும்பாலும் குப்புறப் படுக்கவைப்பார்கள். எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்டு பார்த்தபடி ஊசியைச் சிறுநீரகத்துக்குள் செலுத்தி, அந்த வழியை மெல்ல அகலப்படுத்துவார்கள். உள்ளே கேமராக் குழாய் போகும். லேசராலோ காற்றழுத்தக் கருவியாலோ கல்லை உடைத்து, துண்டுகளை அதே துளை வழியே எடுத்துவிடுவார்கள்.

5. வார்டில்: முதுகில் ஒரு டியூப், சிறுநீருக்கு ஒரு டியூப் இருக்கலாம். பையில் சிறுநீர் முதலில் இளஞ்சிவப்பாக வந்து, நாளாக ஆகத் தெளியும். பயப்பட வேண்டாம்.

6. வீட்டில்: கட்டிகட்டியாக ரத்தம், குளிர்காய்ச்சல், சிறுநீர் வராமை ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை முடிந்து இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தக்கசிவு ஏற்படலாம். பளு தூக்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

7. ஸ்டென்ட்: பலருக்குச் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை மெல்லிய குழாய் ஒன்றை விட்டுவைப்பார்கள். அது இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வருவதுபோல் முட்டும். கழிக்கும்போது இடுப்பில் சுள்ளென்று வலிக்கும். பழகிய பிறகு, அப்படியொன்று உள்ளே இருப்பதையே மறந்துவிடுபவர்கள் உண்டு. மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, இன்னொரு அறுவைவரை கொண்டுபோகும். எடுக்கவேண்டிய தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கி, அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

8. மீண்டும் வராமலிருக்க: எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு வழியே சேரும் உப்பைக் குறையுங்கள். கால்சியத்துக்குப் பயந்து பால், தயிரை நிறுத்த வேண்டியதில்லை.

ஒருமுறை கல் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். வலி இல்லையென்றாலும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் ஸ்கேன் எடுக்கத் தவறாதீர்கள்.