மேயும் மாடு என்ன தின்கிறது? நாமே பார்க்கலாம்



குழுவில் கடன் வாங்கி மாடு பிடித்திருக்கிறோம். பங்குனி பிறந்தால் பால் குறைகிறது. கடன் தவணை மட்டும் குறைவதில்லை! உடனே தவிடு, புண்ணாக்கு என்று கையில் உள்ளதைச் செலவு செய்கிறோம். அதற்கு முன், மேய்ச்சலில் என்ன சத்து கிடைக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

மேய்ச்சல் காட்டில் ஒரு கை புல்லை அறுத்து வந்து சோதித்தால் சரியான கணக்கு வராது. மாடு முற்றிய தண்டை விட்டுவிட்டு இலை, கொழுந்தாகப் பார்த்துத் தின்னும். எனவே மாடு தின்றதைத்தான் மாதிரியாக எடுக்க வேண்டும்.

முதல் வழி: கூடவே போய்ப் பறித்தல்

பழகிய மாட்டின் பக்கத்திலேயே போங்க. அது எந்தச் செடியில், எந்தப் பாகத்தைக் கடிக்கிறதோ, அதையே அதே அளவு கையால் பறித்துப் பையில் போடுங்க. ஒரே மாடு, ஒரே நாள் போதாது. மூன்று நான்கு மாடுகளிடம், காலையும் மாலையும், இரண்டு மூன்று நாள் எடுங்க. எல்லாவற்றையும் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோ அளவு காகிதப் பையில் போட்டு, தேதியும் இடமும் எழுதுங்க. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் உள்ளது. தனித்தனியாகப் போகாமல் குழுவாகச் சேர்ந்து அனுப்பினால் செலவு குறையும்.

முடிவில் புரதச் சத்து எவ்வளவு என்று பாருங்க. உலர்ந்த தீனியில் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கும். அப்புறம் வைக்கோலை அள்ளிப் போட்டாலும் சரியாகச் செரிக்காது. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான்.

இரண்டாவது வழி: சாணம் பார்த்தல்

இதற்குக் காசு வேண்டாம். அடை போலப் பரவி, நடுவில் லேசாகக் குழிந்தால் தீனி சரி. வறட்டி போல அடுக்கடுக்காகக் கெட்டியாக விழுந்தால் புரதம் குறைவு, அல்லது தண்ணீர் போதவில்லை. தண்ணீராகப் போனால் இளம்புல் அதிகமாக இருக்கலாம். குடற்புழுவாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்க. இன்றைய சாணம் இரண்டு மூன்று நாளுக்கு முன் தின்றதைத்தான் சொல்லும். அதனால் வாரம் ஒருமுறை, பல மாடுகளின் புதுச் சாணத்தைப் பார்த்து நோட்டில் குறியுங்க.

புரதம் குறைந்தால் அகத்தி, வேலிமசால், சூபாபுல் தழை கொடுக்கலாம். சூபாபுல் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்போதும் பற்றாவிட்டால்தான் புண்ணாக்கு.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் எந்த மாதம் சாணம் கெட்டியாகிறது? அதற்கு முன்பே வரப்பில் என்ன தழை நடலாம்?