கதிரொளிக் களஞ்சியம்

கதிரவன் வழங்கும் கொடைக்கு அளவில்லை. ஆயினும், அக்கொடை பகற்பொழுதில் மட்டுமே கிட்டுவது. நமக்கு விளக்கு வேண்டுவதோ இரவில். அறுவடை நாளில் குவியும் நெல்லை ஆண்டு முழுமைக்குமாகக் குதிரில் சேர்த்து வைக்கிறான் உழவன். அதுபோலவே, பகலில் பெற்ற ஆற்றலை இரவுக்கெனச் சேர்த்து வைத்தல் வேண்டும். கூரைமேல் விரிந்துள்ள கதிரொளித் தகட்டை வயல் என்று கொண்டால், வீட்டின் ஒரு மூலையில் அமைந்துள்ள மின்கல அடுக்கே குதிர் ஆகும். அதனையே நாம் பாட்டரி என்று வழங்குகிறோம்.

மின்கம்பி எட்டாத ஊர்களில் இக்குதிரின் அருமை நன்கு விளங்கும். வங்காள தேசத்தில், ஆறுகள் பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் தாழ்நிலங்களுக்கும் மணல் தீவுகளுக்கும் மின்சாரம் கொண்டு செல்லுதல் அரிய செயலாய் இருந்தது. ஆகவே, 2003ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெருந்திட்டம் தொடங்கப்பெற்றது. சிறு தகடு ஒன்று, பாட்டரி ஒன்று, சில விளக்குகள் ஆகியவற்றைச் சிற்றூர் மக்கள் தவணைக் கடனில் பெற்றனர். நாளடைவில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு ஒளி பெற்றன. மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரியப் படித்த சிறுவர்கள் தூய வெளிச்சத்தில் நூல்களை விரித்தனர்.

எனினும், தகடும் பாட்டரியும் ஒரே வயதுடையன அல்ல. நல்ல தகடு இருபது ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கும். காரீயப் பாட்டரியோ சில ஆண்டுகளிலேயே மூப்படைந்துவிடும். அது ஓய்ந்த நாளில், கூரைமேல் வெயில் காய்ந்தாலும் வீட்டினுள் இருளே சூழும். புதியது வாங்கவோ பெரும்பொருள் வேண்டும். ஆதலின், பாட்டரியைப் பேணுதல் அவ்வீட்டின் செல்வத்தைப் பேணுதலே ஆகும்.

காரீயப் பாட்டரியை 1859ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சு அறிஞர். அதன் அமைப்பு எளியது. காரீயத் தகடும் காரீய டை ஆக்சைடு பூசிய தகடும் நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். இத்தகைய அறை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 வோல்ட்டு தரும். ஆறு அறைகள் தொடராக இணைந்தது 12 வோல்ட்டுப் பாட்டரி. மின்சாரத்தை நாம் செலவிடும்போது இருவகைத் தகடுகளின்மேலும் காரீய சல்பேட்டு படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மீண்டும் மின்னேற்றும்போது அப்படிவு கரைந்து, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன. இவ்வரவும் செலவும் ஒழுங்காக நடக்கும் வரையில் பாட்டரி நலமாக இருக்கும்.

அதன் நலத்தைக் கெடுக்கும் பகைகள் மூன்று. அவை பசி, தாகம், வெம்மை என்பன.

முதலில் பசியைக் காண்போம். மின்னேற்றம் குறைந்த நிலையில் பாட்டரியை நெடுநாள் விட்டுவைத்தால், மென்மையாய் இருந்த சல்பேட்டுப் படிவு கடினமான படிகங்களாக இறுகிவிடும். பின்னர் எவ்வளவு வெயில் அடித்தாலும் அது எளிதில் கரையாது. பாட்டரியின் கொள்ளளவு சுருங்கிவிடும். ஆகவே, சேமிப்பில் ஏறத்தாழப் பாதிக்குமேல் செலவிடாதிருத்தல் நன்று. ‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்னும் பழமொழி இங்கே பெரிதும் பொருந்தும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 5 வாட்டு விளக்குகள் மூன்று 5 மணி நேரம் எரிந்தால் 75 வாட்டு மணி ஆகும். 15 வாட்டு விசிறி 6 மணி நேரம் சுழன்றால் 90 வாட்டு மணி. கைப்பேசிக்கு 15. ஆக மொத்தம் 180 வாட்டு மணி. இதனை 12ஆல் வகுத்தால், ஒரு நாள் செலவு 15 ஆம்பியர் மணி என்று அறியலாம். மழை மூட்டம் கருதி இரண்டு நாள் செலவுக்கு 30 சேர்த்து வைத்தல் வேண்டும். பாதியை மட்டுமே எடுப்பது என்னும் விதிப்படி 60 ஆம்பியர் மணிப் பாட்டரி தேவை. இக்கணக்கை மறந்து வீட்டில் ஒரு கருவியைக் கூட்டினால், பாட்டரியின் வாழ்நாளில் சில மாதங்களைக் குறைத்தவர் ஆவோம்.

அடுத்தது தாகம். மின்னேற்றம் நிறைவெய்தும் தறுவாயில், உள்ளிருக்கும் நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். நீர் மட்டம் தாழ்ந்து தகடுகள் வெளித்தோன்றுமாயின், அப்பகுதி விரைவில் கெடும். ஆதலால் திங்கள்தோறும் மூடியைத் திறந்து நோக்கி, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே குறியளவுக்கு ஊற்றுதல் வேண்டும். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளுக்குத் தீங்கு செய்யும். அமிலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. ஏனெனில் ஆவியாய்ப் போனது நீரே அன்றி அமிலம் அன்று. மின்னேற்றும்போது நீர்மம் விரிவடையும் ஆதலின், முழுதும் ஏறிய பிறகு ஊற்றுவதே முறை. ஆனால், தகடுகள் முன்னரே வெளித்தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்குச் சிறிது நீரூற்றிவிட்டு மின்னேற்றுக. வெளியேறும் ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கக் கூடியது. எனவே, பாட்டரி உள்ள இடத்தில் காற்றோட்டம் வேண்டும். விளக்கையோ தீக்குச்சியையோ ஏந்தி அதனுள் எட்டிப் பார்த்தல் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இப்பணியைச் செய்தல் வேண்டும்.

மூன்றாவது பகை வெம்மை. வெப்பநிலை 10 பாகை மிகுந்தால் காரீயப் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது பொறியாளர் கண்ட உண்மை. தகட்டுக்கு வெயில் உணவு. பாட்டரிக்கோ அதுவே நஞ்சு. தகரக் கூரையின்கீழ் வைப்பதைவிட, நிழலும் காற்றும் உள்ள மூலையில் மரப்பலகைமேல் வைத்தல் சிறந்தது.

பாட்டரியின் உடல்நிலையை அறிய இரு கருவிகள் உதவுகின்றன. ஓய்ந்திருக்கும் பாட்டரியில் வோல்ட்டுமானி 12.6க்கு மேல் காட்டினால், அது நிறைந்துள்ளது எனலாம், 12.2 என்றால் பாதி அளவே உள்ளது. ஹைட்ரோமீட்டர் என்னும் அடர்த்திமானி, ஒவ்வோர் அறையிலும் உள்ள அமிலத்தின் ஒப்படர்த்தியைத் தனித்தனியே காட்டும். ஐந்து அறைகள் ஒன்றுபோல் இருக்க, ஓர் அறை மட்டும் நெடிது பின்தங்குமாயின் நோய் அங்கேதான் உள்ளது. முனைகளில் பூக்கும் வெண்பச்சை உப்பைச் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து வாசலின் தடவுக. துடைக்கும் நீர் அறைகளுக்குள் புகலாகாது.

எத்துணைப் பேணினும் மூப்பு வந்தே தீரும். மாலையில் நிறைந்திருந்த பாட்டரி நள்ளிரவுக்குமுன் வற்றிவிடுவது நாள்தோறும் நிகழுமாயின், மாற்றும் காலம் நெருங்கிவிட்டது என்று உணர்க. பல பாட்டரிகள் இணைந்திருப்பின் ஒன்றை மட்டும் புதிதாக்குதல் நன்றன்று. பழையவை புதியதையும் தம் நிலைக்கு இழுத்துவிடும். ஒரே வகையும் ஒரே வயதும் ஒரே கொள்ளளவும் உடையனவே ஒன்றாக இணையத் தக்கவை. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடுக. இக்காலத்தில் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பாட்டரிகளும் வழங்குகின்றன. அவற்றுக்கு நீர் வேண்டா. பாதிக்குமேல் செலவிட்டாலும் தாங்கும். எனினும் விலை மிகுதி. மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அவற்றுக்கேற்ப அமைத்தல் வேண்டும்.

இனி, பழைய பாட்டரியை என் செய்வது? செனகல் நாட்டின் தலைநகராகிய டக்காரை அடுத்த ஒரு குடியிருப்பில், பழைய பாட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுக்கும் தொழில் நடந்துவந்தது. காரீயத் துகள் கலந்த மண்ணை மக்கள் தம் வீடுகளிலும் சலித்தனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சு வரை அங்கே பதினெட்டுக் குழந்தைகள் உயிரிழந்தனர். காரீய நஞ்சே அதற்குக் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. இந்நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகளின் மூளையையே முதலில் தாக்கும். ஆகவே, பாட்டரியை வீட்டில் உடைப்பதும், அமிலத்தை மண்ணில் கொட்டுவதும், சில காசுக்காகக் கண்டவரிடம் விற்பதும் பெருந்தீங்காகும். முறையாக உருக்கினால் அதே காரீயம் புதிய பாட்டரியாகப் பிறக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தி செய்வோர்க்கே இந்திய அரசின் 2022ஆம் ஆண்டு விதிகள் உரியதாக்கியுள்ளன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை ஒப்படைப்பது எளிது.

கதிரவனின் ஒளி விலையின்றிக் கிடைப்பது. அதனைச் சேர்த்து வைக்கும் கலமோ விலையுடையது. அளந்து செலவிடுதல், காலந்தவறாது கவனித்தல், பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் கழித்தல் ஆகிய மூன்றும் கைவரப்பெற்ற வீட்டில் விளக்கு நின்று ஒளிரும். அவ்விளக்கால் அயலார் குழந்தைக்கும் இன்னல் நேராது.